பொங்குமாங்கடலும் திரு இருதயமும்



சிறு பிராயத்தில் குற்றாலப் பேரருவியில் குளித்தது உங்களில் அநேகருக்கு நினைவிருக்கும். இரைச்சலுக்கு அஞ்சித் தகப்பனார் கையைப் பற்றி அழுத நாம், உள்ளே போனபின் வெளியே வர மனமில்லாதிருந்தோம். அத்தனை உயரத்திலிருந்து விழும் வெள்ளம் பிள்ளைகளை அடித்து வீழ்த்தாதது ஏன்? நடுவிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழி அதன் வேகத்தைத் தான் தாங்கிக்கொண்டு, தணிந்த நீரையே கீழே விடுகிறது.

சாரல் தொடங்கும் ஜூன், திரு இருதய மாதம். நம் பாவத்துக்குரிய ஆக்கினையைச் சேசுநாதர் தாமே தாங்கினார். ஈட்டியால் திறக்கப்பட்ட அவர் விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீருமாய் நமக்கு வந்தது இரக்கமே. பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சி வருஷக்கணக்காய் விலகி நிற்பவர்களே, கரையில் நின்று பார்த்தவன் குளித்தவனாக மாட்டான். இந்தச் சனிக்கிழமை சாயந்தரம் வாருங்கள்.