தேங்கிய நீரும் நம் கைகளும்



தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவான ஹதீஸ் இது. ஒரு குட்டைக்கே இவ்வளவு பேணுதல் என்றால், எண்ணற்ற உயிர்கள் வாழும் உப்பங்கழிக்கு எவ்வளவு வேண்டும்!

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியில் இறாலும் நண்டும் மீனும் வளர்கின்றன; பூநாரைகள் இரைதேடி வருகின்றன. அதன் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் பரவியது. வலைகள் கறுத்தன, மீனவர் வீடுகளில் அடுப்பெரியவில்லை.

கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதக் கரங்களின் சம்பாத்தியமே என்று திருமறையின் ரூம் அத்தியாயம் (30:41) உணர்த்துகிறது. அந்தக் கரங்களில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாழும் நம் கரங்கள் இல்லையா? சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்துச் சாக்கடையைச் சுமந்து காவிரியில் சேர்கிறது. காவிரி கடலில் சேர்கிறது. ஒளுச் செய்து கழுவிய கையாலேயே ஓடையில் குப்பையை எறியலாமா?

நீர் அமானிதம். மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு. இன்றே நம் வீட்டுக் குப்பை ஓடைக்குப் போகாமல் தடுப்போம். வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.