காடையின் இரத்தமும் இயல்பு என்னும் கேள்வியும்

பண்ணைக் காடையின் தீவனத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்பது வெறும் தீவனக் கணக்காகத் தொடங்கினாலும், அதற்கு விடை தேடுவோர் பறவையின் இரத்தத்தைச் சோதிக்கப் புகுந்ததும், உயிருக்கு இயல்பானது எது, அதை வரையறுக்கும் உரிமை யாருக்கு என்னும் தத்துவக் கேள்வியாக அது மாறிவிடுகிறது.

உண்ட தீவனத்தின் மொத்த ஆற்றலில் எச்சத்தோடு வெளியேறுவது போக, உடலுக்கு மிஞ்சும் பகுதியே வளர்சிதைமாற்ற ஆற்றல் எனப்படுகிறது. ஜப்பானியக் காடைக்கு இது கிலோ தீவனத்துக்கு 2900 கிலோகலோரி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் பரிந்துரைத்தது. மக்காச்சோளத்தையும் எண்ணெயையும் கூட்டி இந்த அளவை உயர்த்தினால் பறவை குறைவாகத் தின்னும். தாழ்த்தினால் கூடுதலாகத் தின்னும். ஆனால் இந்த ஈடுகட்டல் முழுமையானதன்று. புரதத்தை அதற்கேற்பத் திருத்தாமல் ஆற்றலை மட்டும் ஏற்றும்போது, மிகுதியானது கல்லீரலில் கொழுப்பாகி, ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் இரத்தத்தின் வழியே சென்று வயிற்றறையில் படிகிறது. ஆற்றல் போதாதபோது புரதமே எரிபொருளாகி, பறவைகளின் நைட்ரஜன் கழிவான யூரிக் அமிலம் இரத்தத்தில் உயரக்கூடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை நோய் என்று எப்போது அழைப்பது? நோய் என்பது இயல்பான செயலின் அளவு கூடுவதோ குறைவதோ தவிர வேறன்று என்று 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடலியலறிஞர் கிளோத் பெர்னார் கருதினார். நீரிழிவே அவருக்கு முதன்மையான சான்று. மருத்துவரும் மெய்யியலாளருமான ஜார்ஜ் காங்கிலெம் 1943ஆம் ஆண்டின் ஆய்வேட்டில் இதை மறுத்து, இயல்பு என்பது சராசரி எண்ணன்று, ஓர் உயிர் தன் சூழலோடு கொள்ளும் உறவு என்றும், சூழல் மாறும்போது புதிய நெறியை வகுத்துக்கொள்ளும் திறனே நலம் என்றும் வாதிட்டார்.

காடையின் இரத்தம் காங்கிலெமின் பக்கமே சாய்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தாலே மனிதருக்கு நீரிழிவு என ஐயுறப்படும் நிலையில், 200ஐத் தாண்டிய அளவோடு காடை நலமாக வாழ்கிறது. அதைவிட வலுவான சான்று முட்டையிடும் பெட்டையிடம் உள்ளது. ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் தூண்டுதலால் அதன் கல்லீரல் மஞ்சள் கருவுக்கான கொழுப்பை உருவாக்கி அனுப்புவதால், ஒரே கூண்டில் ஒரே தீவனம் தின்னும் சேவலைக் காட்டிலும் அதன் ட்ரைகிளிசரைடு பன்மடங்கு உயர்ந்திருக்கும். சேவலிடம் கண்டால் கல்லீரல் கோளாறோ என்று ஐயுறத்தக்க அதே அளவு, பெட்டையிடம் முட்டை உருவாவதன் அடையாளமாகும்.

ஆயினும் காங்கிலெமின் அளவுகோல் பண்ணையாளருக்கு வசதியான துணையன்று. ஒப்பீட்டுக்குப் பயன்படும் அட்டவணைகளே பெரும்பாலும் கூண்டுப் பறவைகளின் இரத்தத்திலிருந்து திரட்டப்பட்டவை என்பதால், அவற்றோடு பொருந்தும் காடை கூண்டுக்கு இயல்பானது என்றே பொருள்படும். மாறாத வெப்பமும் மாறாத தீவனமும் உள்ள இடத்தில் புதிய நெறி வகுக்கும் திறன் சோதிக்கப்படுவதே இல்லை. அத்துடன், ஐந்து அல்லது ஆறு வாரங்களில் அறுக்கப்படும் இறைச்சிக் காடைக்குக் கொழுப்பேறிய கல்லீரல் நோயாக முற்றக் காலமில்லை; மாதக்கணக்கில் முட்டையிடும் காடைக்கோ அது உயிருக்கே கேடாகலாம். ஆகவே ஆற்றலின் சரியான அளவைப் பறவையின் உடல் மட்டுமன்றிச் சந்தையின் நாட்காட்டியும் வகுக்கிறது. (ஜப்பானில் காடை முதலில் குரலுக்காகவே வளர்க்கப்பட்டது, அந்தக் காலத்தில் நலத்தின் அளவுகோல் வேறாகவே இருந்திருக்கும்.)

இரத்தச் சோதனை பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்வது பிழை. தீவனத்தின் தீங்கைக் காட்டிக்கொடுக்க அது போதுமான சாட்சி, பறவை நன்றாக வாழ்கிறது என்று உறுதிகூறத்தான் அது போதாது. எனவே பாலினம், வயது, முட்டையிடும் நிலை, தின்ற தீவனம், வளர்க்கப்பட்ட இடம் ஆகியவற்றைக் குறிப்பிடாத எந்த எண்ணையும் காடையின் இயல்பான அளவு என்று ஆய்வாளர்கள் அட்டவணையில் எழுதக்கூடாது.