ஓடம் வண்டியில் ஏறும்போது

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வள்ளம் கரையேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முன்பகுதியான அணியத்துக்கு அடியில் உருளைக்கட்டையைக் கொடுத்து, இரண்டு பக்கமும் தோள் வைத்து, ஏலேலோ போட்டுத் தள்ளுவார்கள். பின்னால் கழன்று விழும் கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவது எங்களைப்போன்ற சிறுவர்களின் வேலை. அதற்குக் கறிக்கு மீன் கிடைக்கும். எட்டுப் பேர் இல்லாமல் வள்ளம் அசையாது. அந்த எட்டுப் பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று அப்போது யோசித்ததே இல்லை. கரையில் இருந்தார்கள், வந்தார்கள்.

அதை யோசிக்க வேண்டிய கட்டாயம் என் அக்காவின் கணவருக்குத்தான் வந்தது. அத்தானிடம் இருப்பது பதினாறு அடி ஃபைபர் ஓடம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி வந்தார். ஆற்றுக்காகச் செய்தது என்பதால் அடி தட்டை. முழங்கால் தண்ணீரிலும் போகும். பின்னால் ஒரு சிறிய அவுட்போர்டு எஞ்சின். கரையோரம் நண்டு வலை போட அதுவே போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடி நகரத் தெருக்களிலேயே பல நாள் தண்ணீர் வடியவில்லை. கடற்கரையில் கிடந்த படகுகளை லாரிகளில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்து மீனவர்களும் இப்படித்தான் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்ப் பல்லாயிரம் பேரை மீட்டார்கள். அத்தானின் ஓடமும் அன்று லாரி ஏறியது. கொட்டும் மழையில், யாரும் யாரையும் கூப்பிடாமலே பன்னிரண்டு பேர் வந்து தூக்கினார்கள்.

திரும்பி வரும்போதுதான் சிக்கல். நாலைந்து நாள் கழித்து ஓடத்தை இறக்க வேண்டும். தூக்கிய பன்னிரண்டு பேரின் வீடுகளிலும் சேறு. யாரைப் போய் அழைப்பது? அத்தானும் இன்னும் மூன்று பேரும் லாரியிலிருந்து இறக்கினார்கள். கடைசி இரண்டடியில் கை நழுவியது. ஓடத்தின் அடித்தண்டான ஏரா தார்ச்சாலையில் மோதி ஒரு முழ நீளத்துக்கு வெடித்தது.

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். வாழ்ந்தவன் தாழ்வான், தாழ்ந்தவன் உயர்வான் என்று ஆறுதலாகவோ எச்சரிக்கையாகவோ இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓடத்தை உண்மையிலேயே வண்டியில் ஏற்றிப் பார்த்த ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து கேட்டால் வேறொன்று உறுத்துகிறது. ஓடம் தானாக எங்கே ஏறுகிறது? ஏற்றுகிற ஆட்களைப் பற்றி அந்தப் பழமொழி மூச்சு விடவில்லை.

ஏராவுக்கு ஃபைபர் ஒட்டுப் போட்டு முடித்ததும் அத்தான் ட்ரெய்லர் செய்யப் போவதாகச் சொன்னார். "இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம் மாப்ள."

எனக்குப் பிடிக்கவில்லை. "நாலு பேர் சேந்து தள்ளுனா நாலு பேர் முகத்தப் பாக்கலாம்லா அத்தான்" என்றேன்.

"பாக்கலாம். அவன் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போறதையும் பாக்கணும்லா."

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஒரு மனிதன் போனை எடுத்து, ஓடம் தள்ள யாரை எழுப்பலாம், போன வாரம் யாரை எழுப்பினோம், யாருக்கு இன்னும் மீன் கொடுக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பதை நான் அறியவில்லை. கூடித் தள்ளுவதன் அழகை நான் பேசியது கட்டை தூக்கி ஓடிய சிறுவனின் நினைவிலிருந்து. ஒவ்வொரு நாளும் கேட்டு நிற்பவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றி ஒன்று சொல்வார்கள். குளிப்பவன் கல்லில் காலை வைத்து இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். ஒரு நிமிடம் போல மூச்சு. கீழிருந்து கயிற்றை இழுத்ததும் மேலிருப்பவன் அந்தக் கணமே தூக்கவேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மைத்துனனைத்தான் அமர்த்துவார்களாம். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எவன் விடுவான்? 1961க்குப் பிறகு அரசு இங்கே முத்துக்குளிப்பு நடத்தவில்லை. ஆனாலும் இந்தச் செய்தி ஊரில் இன்றும் புழங்குகிறது.

முன்பெல்லாம் இதை உறவின் பெருமையாகவே கேட்டேன். இப்போது அதில் வேறொரு நுட்பம் தெரிகிறது. அங்கே குளிப்பவன் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கயிறு யார் கையில் என்பது முன்னமே தீர்மானமானது. எட்டுப் பேர் தாமாக வந்த கரையும் அப்படித்தான் இருந்தது. இன்று அந்த எட்டுப் பேரின் பிள்ளைகள் கப்பலிலும் கம்பெனியிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஏற்பாடு போய்விட்டது, கேட்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. உதவி பெறுவதால் யாரும் குறைந்துவிடுவதில்லை. நாள்தோறும் புதிதாகக் கேட்கவேண்டியிருப்பதுதான் மனிதனைத் தேய்க்கிறது.

ட்ரெய்லர் வேலைக்கு நானும் போனேன். பழைய கார் ஒன்றின் பின் அச்சு, கமான் பட்டை, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சேனல். வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள். ஓடத்தின் நடுமத்திக்கு நேராக அச்சை வைத்ததுதான் எங்கள் முதல் தவறு. எஞ்சினும் பெட்ரோல் கேனும் பின்னால் இருப்பதால் எடையெல்லாம் அங்கே போய், முன்கொக்கி ஆகாயத்தைப் பார்த்து எழும்பிவிட்டது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது வால் ஆடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அச்சைப் பின்னால் தள்ளி மறுபடி பற்றவைத்தோம். ஏராவுக்கு நடுவில் ரப்பர் உருளைகள். இரண்டு பக்கமும் தாங்கு பலகை, அதன்மேல் பழைய டயரை வெட்டி ஆணியடித்த மெத்தை.

உப்புத் தண்ணீர் எதையும் விடாது. மூன்றே மாதத்தில் ஒரு ஹப் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப்பை உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சும். கொஞ்சம் ஆறவிட வேண்டும். எங்களுடையது வீட்டுக்கும் கரைக்குமான ஓட்டம், சூடேற வழியில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டது எங்கள் பிழை. இப்போது அத்தான் கழுவுகிறார், கிரீஸ் அடைக்கிறார்.

முதல்முறை ஓடத்தை இறக்கியபோது அணியத்தில் கட்டிய கயிற்றை என் கையில் கொடுத்தார். ட்ரெய்லர் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போனது. டயர் பாதி மூழ்கியதும் ஓடத்தின் பின்பகுதி லேசாக மிதந்தது. அதுவரை முந்நூறு கிலோவாக இருந்தது ஒரு நொடியில் கயிற்றின் நுனியில் கன்றுக்குட்டிபோல ஆனது. எட்டுப் பேர் இல்லை; ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் கயிறு பிடிக்க, இரண்டே பேர். "உட்றாத மாப்ள" என்றார், நான் விடமாட்டேன் என்று தெரிந்திருந்தும்.

சென்ற மாதம் போயிருந்தேன். தாங்கு பலகைகள் நின்ற சேனலில் வரிசையாகப் புதுத் துளைகள். போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டினால் பலகை அகலும், குறுகும். "இது எதுக்கு அத்தான்?" என்றேன்.

"மேலத்தெரு வள்ளம் நம்மளத விட அகலம்லா. அடுத்த வீட்டுக்காரனோடது ஒடுக்கம். அவனவன் வந்து கேக்கணும்னு இருக்க வேண்டாம். ட்ரெய்லர் சாவி வாசல்ல ஆணியில தொங்குது, எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

ஆணியைப் பார்த்தேன். சாவி அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.