கடன் கொப்பியும் இராப் பள்ளியும்

அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், பாடசாலை விட்டு வந்தால் எனக்கு அங்கே இரண்டு வேலைகள். தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது; வாப்பா சொல்லச் சொல்லக் கடன் கொப்பியில் எழுதுவது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவுக்குப் போனவர்களின் கடிதத்தைக் கேட்பவர் அழுவார். வாசிக்கும் நானும் அழுவேன். அதற்கு ஒரு சதமும் வாங்க வாப்பா விட்டதில்லை. சதக்கா என்றே நினைத்திருந்தோம்.

பிறருக்காக வாசித்துக் கொடுப்பது நல்ல காரியந்தான். அவரே வாசிக்கத் தொடங்கினால் நாம் மகிழ்வோமா என்பதுதான் கேள்வி.

தோட்டத்தில் எழுத்து நெடுங்காலம் தொழிலாளியின் பக்கம் இருக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் 'துண்டு' வேண்டும். அதில் அவனுடைய கடன் தொகை இருக்கும்; புதிய தோட்டம் அதைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். தன்மீது எழுதப்பட்ட தொகையைப் பெரும்பாலானோரால் வாசிக்க முடியாது. 1921இல்தான் துண்டு ஒழிந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. வளர்ந்தவர்களுக்குக் கல்வி வேறு வழியாக வந்தது. புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்த கோ. நடேசய்யர், 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடியே உரிமைகளைப் புரியவைத்தார். எழுத்தறியாதவருக்கும் எட்டிய பள்ளி அது. ஆனால் செக்ரோலில் தன் பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பாட்டைக் கொண்டு பார்க்க முடியாதே!

எங்களுக்கு அருகிலிருந்த தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் இராப் பள்ளி தொடங்கினார்கள். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் ஆண்கள், கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்களுக்கு இராப்பொழுதும் வேலைப்பொழுதுதான்.

ஒரு சம்பள நாளில் அங்கே படித்த ஒருவர் கடைக்கு வந்தார். "மொதலாளி, எம் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். மா, சீனி, மண்ணெண்ணெய். கருவாட்டில் விரல் நின்றது. "இத நான் வாங்கலியே, தம்பி."

அது என் கையெழுத்து. பக்கம் மாறி எழுதினேனா, வாப்பா சொன்னதைத்தான் எழுதினேனா, இன்றும் நினைவில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் அந்த வரியை வெட்டினார்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தைப் பின்னாளில்தான் பொருளறிந்து ஓதினேன். அதில் வாசகம் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். எங்கள் கடையில் சொன்னவர் கொடுத்தவர், எழுதியவன் அவர் மகன்.

மறு மாதத்திலிருந்து வாப்பா காசு வாங்குமுன் ஒவ்வொருவர் பக்கத்தையும் உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தவன் நான்தான். அந்த மனிதர் அதன்பின் தம் கடிதங்களை எங்களிடம் கொண்டுவரவில்லை. எனக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. கருவாட்டு வரியைவிட அந்த மனத்தாங்கலுக்குத்தான் நான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன்.