இன்று யார் வீட்டுக்குப் போவது?

ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதியும் எங்கள் கிராமப் பாடசாலையில் தேசியக் கொடி ஏற்றுகிறோம். பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவார்கள். அதிபர் பேசுவார். இனிப்பு வழங்கப்படும். பத்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படிக் கலைந்து செல்கையில் ஏழாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், பெருநாளைக்கு ஊடு ஊடாப் போறோம். இன்டைக்கு யார்ட ஊட்டுக்குப் போற?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டு வட்டிலப்பம் அயலிலுள்ள சிங்கள வீடுகளுக்குப் போகும். சித்திரையில் அவர்களுடைய பணியாரத் தட்டு எங்களிடம் வரும். வந்த தட்டை நாம் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆனால் முழு நாட்டுக்கும் பொதுவான இந்த ஒரு நாளில் மட்டும் எந்தத் தட்டும் படியிறங்குவதில்லை. ஏன்? எல்லோரும் நம்மைப் போலவே மகிழ்ந்திருப்பதாக நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். ஆகவே யாரிடமும் போய்க் கேட்பதில்லை.

அடுத்த வருடம் கொடியேற்றம் முடிந்ததும், ஆசிரியர் கலாசாலையில் என்னோடு பயின்ற நண்பரின் வீட்டுக்குப் புறப்பட்டேன். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். கையில் ஒரு பொதி தொதல். லயத்து வாசலில் அமர்ந்திருந்த நண்பரின் தந்தை, “என்னா விசேசம் தம்பி?” என்றார். சுதந்திர தினம் என்றேன். தேநீரை என் கையில் தந்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “எங்கப்பா 1947ல ஓட்டுப் போட்டவரு. எனக்குப் பிரஜாவுரிமை கெடைக்கிறப்ப வயசு அறுவது தாண்டிருச்சு.”

அவர் சொன்னதன் பின்னணி வரலாற்றில் இருக்கிறது. நாடு சுதந்திரமடைந்து ஒன்பது மாதங்களில், 1948 நவம்பரில், பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் செய்யப்பட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கு பிரஜாவுரிமை வழங்கவும் கணக்குப் போட்டது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனம் என்னையே விசாரித்தது. சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்த ரி.பி. ஜாயாவைப் பற்றி வகுப்பில் பெருமையோடு கற்பிப்பவன் நான். அவர் அங்கம் வகித்த அமைச்சரவைதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் தமிழ் அமைச்சர்களும் இருந்தனர். அதை நான் ஒரு நாளும் மாணவருக்குச் சொன்னதில்லை.

அப்படியானால் கொடியேற்றாமல் விடுவதா? அது நேர்மையான வழியென்று எனக்குத் தோன்றவில்லை. அந்நிய ஆட்சி நீங்கியது மெய்யான நன்மை. அதற்கு நன்றி செலுத்துவது தவறல்ல. ஆனால் அதே நன்மை இன்னொருவர் வீட்டில் இழப்பாக நுழைந்திருக்கும்போது, அதை அறியாமல் மகிழ்வது ஒன்று, அறிய விரும்பாமல் மகிழ்வது வேறொன்று. முன்னது அறியாமை. பின்னது குற்றம். அவ்வளவு காலமும் நான் இருந்தது பின்னதற்கு மிக அருகில்.

1948இல் நான் பிறக்கவில்லை, அந்தச் சட்டத்துக்கு நான் பொறுப்பல்ல என்று வாதிடலாம். சரிதான். ஆனால் நான் பிறக்காத காலத்துச் சுதந்திரத்தை என்னுடையது என்று கொண்டாடுகிறேனே! பெருமையில் மட்டும் பங்கு கேட்பது என்ன நியாயம்?

இப்போது ஜாயாவைப் பற்றிய பாடத்தில் இரண்டையும் சொல்கிறேன். அவர் மீதான மதிப்பு பிள்ளைகளிடம் குறையவில்லை, கேள்விகள்தாம் கூடியிருக்கின்றன. அந்த மாணவனிடமும் பதில் சொன்னேன்: இந்த நாள் யார் வீட்டில் பெருநாளாக இல்லையோ, அந்த வீட்டுக்குப் போக வேண்டும் மகனே. போய் வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதே. முதலில் அவர்கள் தரும் தேநீரைக் குடி. அவர்கள் பேசுவதைக் கேள்.