பேட்டரி எந்த வரியில் இருக்கிறது?

மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பருவத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எஃப்.சி., பர்மிட், தேர்டு பார்ட்டி, சர்வேயர் என்று வண்டித் தொழிலின் சொற்கள் தானாக வந்து விழும். நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறையிலோ டேங்கர் லாரியிலோ ஒரு காலத்தில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. 2017 மார்ச் கடைசியில் தென்மாநில லாரிகள் ஓடாமல் நின்றனவே, அந்த வேலைநிறுத்தத்துக்கு முக்கியமான காரணம் தேர்டு பார்ட்டி பிரீமியம் ஏறியதுதான். ஆகவே இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊரிலும், எலக்ட்ரிக் கார் எடுக்கப் போனால் ஷோரூமில் எழுதித் தரும் துண்டுச்சீட்டில் 'இன்சூரன்ஸ்' என்ற ஒற்றை வரியை அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். காரின் விலையோடு பார்த்தால் அது சின்னத் தொகையாகத் தெரிகிறது. கடன் போட்டுத்தானே வாங்குகிறோம், அதோடு இதுவும் போகட்டும் என்று தோன்றுகிறது.

என் தங்கை ஆற்றைத் தாண்டி கரூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவள். தினமும் போய்வரும் தூரம் குறைவு, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்து எலக்ட்ரிக் கார் எடுக்க முடிவு செய்தாள். சீட்டைக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டினாள். மாமா முப்பது வருஷம் லாரி வைத்திருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "அம்மணி, இதுல மூணு நாலு சங்கதிய ஒண்ணா மூட்டை கட்டி வெச்சிருக்காங்க. அவுத்துப் பாக்காம காசு குடுக்காத" என்றார். அவர் சொன்னபடியே மூட்டையை அவிழ்ப்போம்.

முதலில் தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கானது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக்கூடாது. இதன் விலையை அரசு அறிவிக்கிறது. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் ஒரே தொகைதான். புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்டிவிட வேண்டும். இந்த மூன்று வருஷக் கணக்குக்குப் பின்னால் நம் பக்கத்து ஊர் மனிதர் ஒருவர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷமும் தேர்டு பார்ட்டி கட்டாயமானது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி, கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களை நினைத்தால் இதைச் சுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பில் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு 15 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். புது எலக்ட்ரிக் காருக்கு மூன்று வருஷத் தொகை, வரி சேர்க்காமல், மோட்டார் 30 கிலோவாட் வரை என்றால் 5,543 ரூபாய். 30க்கு மேல் 65 வரை 9,044. 65க்கு மேல் 20,907. இங்கே கவனிக்க வேண்டியது கிலோவாட் என்ற சொல். ஷோரூமில் நாம் கேட்பதும் அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் கிலோவாட்-ஹவர். அது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு. பிரீமியம் பேட்டரியைப் பார்ப்பதில்லை, மோட்டாரின் திறனைப் பார்க்கிறது. தொட்டியின் கொள்ளளவு வேறு, பம்புசெட்டின் குதிரைத்திறன் வேறு என்று விவசாயிக்குச் சொன்னால் உடனே விளங்கிவிடும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கு என்ஜின் சி.சி.யை வைத்துப் பிரிக்கிறார்கள்: 1000 வரை 6,521, 1500 வரை 10,640, அதற்கு மேல் 24,596. டாடா டியாகோ பெட்ரோல் 1199 சி.சி., ஆகவே 10,640. அதே டியாகோவின் எலக்ட்ரிக் வண்டிக்கு மோட்டார் 65 கிலோவாட்டுக்குள் அடங்குவதால் 9,044. தள்ளுபடி கண்ணுக்குத் தெரிகிறது. நெக்ஸானுக்கு வாருங்கள். பெட்ரோல் நெக்ஸானும் 1199 சி.சி. தான், 10,640. எலக்ட்ரிக் நெக்ஸானின் மோட்டார் 65ஐத் தாண்டிவிடுவதால் 20,907. ஒரே உடம்பு, ஒரே ரோடு, தேர்டு பார்ட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலக்ட்ரிக் என்றாலே இன்சூரன்ஸ் குறைவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள். எந்தக் காரை எடுப்பது என்று யோசிக்கும்போதே இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கார் எடுத்த பிறகு இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

பேரம் இருப்பது மூட்டையின் இரண்டாவது பொட்டலத்தில். 'ஓன் டேமேஜ்', சுருக்கமாக ஓ.டி.; நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கானது. நம்மவர்கள் 'புல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது தேர்டு பார்ட்டியும் இதுவும் சேர்ந்ததை. 2007 ஜனவரிக்கு முன் இதற்கும் நாடு முழுக்க ஒரே விலைதான். அதற்குப் பிறகு அந்தந்தக் கம்பெனி தன் கணக்குப்படி விலை வைக்கிறது. அரசுக் கம்பெனிகள் நான்கு. அதில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. சோழமண்டலம், ராயல் சுந்தரம் இரண்டும் சென்னைக்காரர்கள்தான். இவை தவிர வடக்கே இருந்து வந்தவை, இணையத்தில் மட்டுமே பெரிதாக விற்பவை என்று பல. ஒரே வண்டிக்கு இவர்கள் சொல்லும் ஓ.டி. தொகையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வருவது சாதாரணம்.

ஆனால் இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துக் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. முதலில் ஐ.டி.வி. ஒன்றுதானா என்று பாருங்கள். வண்டி திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கம்பெனி ஒத்துக்கொள்ளும் அதிகபட்ச மதிப்பு அது. ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்துப் போடுவது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20 என்று ஏறிக்கொண்டே போய், ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் கழிந்துவிடும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டச் சுலபமான வழி இந்த ஐ.டி.வி.யை இறக்குவது. பன்னிரண்டு லட்சம் மதிப்புள்ள வண்டியைப் பத்து லட்சம் என்று போட்டால் பிரீமியம் குறையும். வண்டி போன நாளில் இரண்டு லட்சம் நம் தலையில் விழும். மாமா ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் ஐ.டி.வி. எழுதினார். ஐ.டி.வி. ஒத்துவராத கொட்டேஷனை அடுத்த கட்டத்துக்கே விடவில்லை.

அடுத்தது நோ கிளைம் போனஸ். வருஷம் முழுக்க கிளைம் எடுக்காமல் இருந்தால் மறுவருஷ ஓ.டி.யில் 20 சதவீதம் குறையும். அப்படியே 25, 35, 45, 50 என்று ஏறும். பலருக்குத் தெரியாதது, இந்தப் போனஸ் காருக்கு உரியது அன்று, சொந்தக்காரருக்கு உரியது. பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் எடுக்கிறவர், பழைய கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கி வந்தால் அந்த 50 சதவீதம் புதுக் காரின் ஓ.டி.க்கு இறங்கும். கணக்குக்காக ஓ.டி. 24,000 என்று வையுங்கள். போனஸில் 12,000 குறைகிறது, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160 மிச்சம், ஆக 14,160 ரூபாய். நாலு கடை ஏறி இறங்கிப் பேசினாலும் இவ்வளவு கிடைக்காது. ஸ்கூட்டரில் சேர்த்த போனஸைக் காருக்குக் கொண்டுவர முடியாது. புதுப்பிக்கும் தேதி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். இல்லாத போனஸை இருப்பதாகச் சொல்லிப் பாலிசி எடுத்தால், கிளைம் வரும் நாளில் பழைய கம்பெனியிடம் விசாரித்துவிடுவார்கள்.

மூட்டையில் இன்னொரு சின்னப் பொட்டலம், ஓட்டும் சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. வீட்டிலுள்ள வேறு வண்டிக்கு அதே பெயரில் ஏற்கெனவே எடுத்திருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. கேட்டால் எடுத்துவிடுவார்கள், கேட்காவிட்டால் இருந்துகொண்டே இருக்கும்.

இனிதான் எலக்ட்ரிக் காருக்கே உரிய இடம்: பேட்டரி. காரின் விலையில் பெரும்பங்கு அதுதான், அதுவும் வண்டியின் வயிற்றுக்கடியில் படுத்திருக்கிறது. மழைக்காலம் முடிந்த கிராமத்து ரோட்டையும், ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தடைகளையும் நினைத்துப் பாருங்கள். அடியில் பலமாக இடித்து பேட்டரியின் ஓடு நசுங்கினால், பல சமயம் ஒரு மூலையை மட்டும் சரிசெய்ய ஒத்துக்கொள்ளாமல் முழுதாக மாற்றச் சொல்வார்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவது வழக்கம். பேட்டரி ஒன்றே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும்.

பாலிசியின் பழைய வாசகத்தில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள் என்று இருக்கிறது. 2002இல் வந்த டாரிஃபில் இருந்து தொடரும் வாசகம் அது. அன்றைக்குப் பேட்டரி என்றால் பானட்டைத் தூக்கினால் தெரியும் 12 வோல்ட் பெட்டி. பாதி போனாலும் இரண்டாயிரம், மூவாயிரம். அதே வரியை, வண்டியை ஓட்டும் பேட்டரிக்கும் பொருத்தினால், நான்கு லட்ச ரூபாய் பில்லில் இரண்டு லட்சம் நம் கையை விட்டுப் போகும். இதைத் தடுப்பது 'ஜீரோ டெப்', அதாவது நம் ஊரில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் கூடுதல் பாதுகாப்பு. சிக்கனம் என்று எதை வெட்டினாலும் இதை வெட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதோடு, ஜீரோ டெப்பில் பேட்டரி அடங்குமா, தனியாகப் பேட்டரிப் பாதுகாப்பு எடுக்க வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வாரண்டி இருக்கிறதே என்பார்கள். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் பேட்டரிக்கு வாரண்டி தருவது உண்மை. அது தயாரிப்புக் கோளாறுக்கு. இடி, வெள்ளம், தீ இவற்றுக்கு இன்சூரன்ஸ்தான். பாலிசியில் தானாகத் தீப்பிடித்தல் என்பதும் வெள்ளமும் அடங்கும். ஆனால் மின்கோளாறும் வயதால் பேட்டரி தளர்வதும் அடங்காது. வாரண்டியும் கை விரித்து, பாலிசியும் கை விரிக்கும் இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. தண்ணீர் புகுந்து சில நாள் கழித்துக் கோளாறு காட்டினால் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது காவிரி எப்படி விரிந்தது என்பதைப் பார்த்தவர்கள், கரையோரத்தில் வீடிருந்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக்கூடாது. கொட்டேஷனில் 'என்ஜின் பாதுகாப்பு' என்று ஒரு வரிக்குக் காசு கேட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். இந்தக் காரில் என்ஜினே கிடையாது. அந்த வரியின் விளக்கத்தில் பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் என்று எழுதியிருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அது பெட்ரோல் காருக்குத் தைத்த சட்டை.

எலியையும் சொல்லிவிடுகிறேன். கரும்புக்காட்டு ஓரத்தில் நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது நமக்குப் புதிதல்ல. இந்தக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் விலை கூடியவை. எலி கடித்ததற்குக் கிளைம் உண்டா என்றும், சுவரில் மாட்டிய சார்ஜருக்குப் பாதுகாப்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். எம்.ஜி. விண்ட்சர் போலப் பேட்டரிக்குக் கிலோமீட்டர் வாடகை கட்டும் திட்டத்தில் எடுத்தால், பேட்டரியின் மதிப்பு ஐ.டி.வி.யில் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஷோரூமிலேயே போட்டுத்தான் ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம், டீலர் கட்டாயப்படுத்தக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 விதிமுறை சொல்கிறது. அதே சமயம், ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசம்தான் என்றால் நான் ஷோரூம் பாலிசியை ஒதுக்கமாட்டேன். எலக்ட்ரிக் காரின் பேட்டரியைத் தொடத் தெரிந்த பட்டறைகள் குறைவு. அந்தப் பட்டறை பணம் கேட்காமல் கம்பெனியிடமே பில் தொகையை வாங்கிக்கொள்ளுமா என்பது கிளைம் வரும் நாளில் பெரிய விஷயம். வேறு இடத்தில் எடுத்தால், நாமக்கல்லிலோ கரூரிலோ சேலத்திலோ எந்தப் பட்டறையில் கேஷ்லெஸ் என்று பெயரோடு கேட்க வேண்டும். முதல் வருஷம் ஷோரூமில் எடுத்தாலும் கட்டுப்பட்டுவிட்டதாக அர்த்தமில்லை. 2019 செப்டம்பர் முதல் ஓ.டி.யை மட்டும் தனியாக வேறு கம்பெனியில் எடுக்கலாம்; தேர்டு பார்ட்டி மூன்று வருஷம் பழைய இடத்திலேயே ஓடும்.

நோட்டில் கட்டங்கள் நிறைந்தபோது ஐந்தில் இரண்டு கொட்டேஷன்தான் மிஞ்சின. குறைந்த தொகை சொன்ன கம்பெனிக்குத் தங்கையை மெயில் எழுதச் சொன்னார் மாமா. "போன்ல சொன்னதெல்லாம் காத்துல போயிரும் அம்மணி, எழுதி வாங்கு" என்றார். அவள் எழுதியது ஒரே கேள்வி: வண்டியை ஓட்டும் பேட்டரியை மாற்ற நேர்ந்தால் தேய்மானம் கழிப்பீர்களா? மூன்றாம் நாள் பதில் வந்தது. ஜீரோ டெப் இருக்கும்வரை கழிக்கமாட்டோம், பேட்டரியும் அதில் அடங்கும் என்று இரண்டு வரி. அன்றைக்கே பணம் கட்டினாள். அந்த இரண்டு வரியை பிரிண்ட் எடுத்து, ஆர்.சி. நகலோடு சேர்த்து மடித்து, டேஷ்போர்டில் வைத்தால் வண்டியோடு போய்விடும் என்று வீட்டு பீரோவில் வைத்தார் மாமா.