வாசலுக்கு வந்த அங்காடி

கைப்பேசியில் வாங்குவதா, கடைக்குப் போய் வாங்குவதா என்ற கேள்வியை விலை, தரம், திருப்பித் தரும் வசதி என்று பேசி முடித்துவிடுகிறார்கள். பெண்களின் கணக்கில் இன்னொன்றும் சேர்கிறது. கடை என்பது நாம் பார்க்கப்படும் இடம்.

பொம்மிடி போன்ற ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் ரயில் நிற்கும் சிற்றூர் இது. கடைக்காரருக்கு என்னையும் தெரியும், என் மாமனாரையும் தெரியும். உள்ளாடை கேட்டால் ஓர் ஆண் நாலு பேர் நடுவில் சத்தமாக அளவு கேட்பார். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுத் தருவார்கள். உள்ளே இருப்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும் கவர் அது. கர்ப்பப் பரிசோதனை அட்டையைத் திருமணமாகாத ஒரு பெண் மருந்துக்கடையில் கேட்டால், அவள் வீடு திரும்பும் முன் செய்தி வீட்டுக்குப் போய்விடலாம். "போன்ல வாங்கினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க மேடம்" என்று என் மாணவி ஒருத்தி சொன்னபோது, அவள் பேசியது தள்ளுபடியைப் பற்றி அல்ல.

ஆகவே 'உள்ளூர் வியாபாரியை ஆதரியுங்கள்' என்ற அறிவுரையைப் பெண்களிடம் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் கடை அவளை எப்படி நடத்தியது என்று முதலில் கேட்க வேண்டும். அதேசமயம், மாதக் கடைசியில் கூலி வராத வீட்டுக்கு அரைக்கிலோ பருப்பைக் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பதும் அந்தக் கடைதான். முகம் தெரிந்ததால்தான் கடன் கிடைக்கிறது. முகம் தெரிந்ததால்தான் கண்காணிப்பும் நடக்கிறது. இரண்டும் ஒரே நோட்டில்தான் எழுதப்படுகின்றன.

சரி, கைப்பேசி விடுதலை தருகிறதா? அந்தக் கைப்பேசி யாருடையது என்பதைப் பொறுத்தது அது. எண் கணவர் பெயரில் இருந்தால் ஓடிபி அவருக்குப் போகிறது. பார்சல் கொண்டுவரும் தம்பி அவரைத்தான் அழைக்கிறார். வாசலில் வாங்கி வைக்கும் மாமியார், "இதுல என்ன, எவ்வளவு?" என்கிறார். கடைத்தெருவில் இருந்த கண் இப்போது வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் படித்தவளாக எனக்கு ஒரு பழைய பிரிவினை நினைவுக்கு வருகிறது. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரிவாகக் காட்டுகிறது. சங்கப் பாடல்களில் உமணர் வீட்டுப் பெண்கள் உப்பை நெல்லுக்கு மாற்றித் தெருவில் கூவி விற்கிறார்கள். இடையர் வீட்டுப் பெண் மோர் விற்கிறாள். ஆனால் வணிகர் குலத்துக் கண்ணகியின் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்குப் போனவன் கோவலன். சிலம்பு அவளுடையது, சந்தை அவனுடையது. உழைக்கும் சாதிப் பெண்ணுக்குத் தெரு வயிற்றுப்பாடு. 'குலமகளுக்கு'ப் படி தாண்டாமை கற்பு. இணைய வணிகம் இந்தப் பழைய ஏற்பாட்டுக்கு வசதியாகப் பொருந்திவிடுகிறது என்பதே என் கவலை. இனி, படி தாண்டாமலே அவள் எல்லாம் வாங்கலாம். 'எதுக்கு வெயில்ல அலையற, போன்லயே போட்டுடேன்' என்ற அக்கறையான சொல்லுக்குள் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வெளிநடையும் பறிபோகலாம்.

யாரும் பார்க்காமல் வாங்க முடிவது ஒரு நிவாரணம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதும் சுதந்திரமும் ஒன்றல்ல. சுதந்திரம் என்றால் எல்லோரும் பார்க்கக் கறுப்பு கவர் இல்லாமல் நடந்து வருவது.

நம் கண்ணுக்குப் படாத பெண்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். துணிக்கடையில் நமக்காகப் புடவைகளை விரித்துப்போடும் பெண் நாள் முழுவதும் நிற்கிறாள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத்தான் போராட்டத்தை ஆரம்பித்தது. பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் அதற்காகச் சட்டத்தைத் திருத்தின. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. கிடங்கில் நம் பார்சலைக் கட்டுகிறவர்கள் நிலையும் வேறல்ல. 2024 கோடையில் ஹரியானாவின் மானேசரில், இலக்கை முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போவதில்லை என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அதுபற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. கடையில் நிற்கும் பெண்ணின் காலை நாம் பார்க்க முடியும். கிடங்கில் இருப்பவளின் காலை நாம் பார்ப்பதே இல்லை.

எங்கே வாங்குவது என்பதை ஒவ்வொரு பெண்ணும் தன் பணம், தன் உடல், தன் பாதுகாப்பைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். அவள் பையில் கூடுதலாக ஒரு குற்றவுணர்வை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கடைத்தெருவைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். முடிந்தவர்கள் போவோம். நாப்கினைச் சுற்றாமல் வாங்குவோம். உள்ளாடைப் பகுதியில் பெண் விற்பனையாளரைக் கேட்போம். அவர் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் முதலாளியிடம் கேட்போம். பத்துப் பெண்கள் தொடர்ந்து கேட்டால் ஒரு சிற்றூர்க் கடையால் காதை மூடிக்கொள்ள முடியாது.